கோப்பும் தொழிற்சாலையும்

சிங்கப்பூரை ஆண்ட பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு நெடுங்காலம் பெருவருவாய் தந்த பொருள் யாது என்று வினவினால், கிடைக்கும் விடை மாணவர்க்கு வியப்பளிக்கும். அது ரப்பரும் அன்று, ஈயமும் அன்று, அபின். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அபின் விற்கும் உரிமை செல்வர்க்குக் குத்தகையாக விடப்பட்டது. 1910ஆம் ஆண்டில் குத்தகை முறை கைவிடப்பட்டு, அத்தொழிலை அரசாங்கமே ஏற்று நடத்தத் தொடங்கிற்று. அபினைப் பக்குவப்படுத்துவதும், பொட்டலமிடுவதும், உரிமம் பெற்ற கடைகளின் வழி விற்பதும், விற்றதைப் பேரேட்டில் பதிவதும் அரசாங்க அலுவலாயின. கூலித் தொழிலாளியின் கைக்காசு அபின் கடை வழியே கருவூலம் சேர்ந்தது. அரசாங்க நிர்வாகம் பொருளியலில் தலையிடுவது முறையா என்று பிற்காலத்தில் வாதிட்டவர்கள், அத்தலையீடு ஏதோ 1960களில் தோன்றிய புதுமை போலப் பேசினர். அது முன்பே இருந்தது. எதற்காகத் தலையிட்டது என்பதே வேறு.

அபின் நீங்கலாகப் பிற துறைகளில் குடியேற்ற நிர்வாகம் ஒதுங்கி நின்றது என்பதும் உண்மையே. சுங்கவரி இல்லாத துறைமுகம், சண்டை சச்சரவில்லாத வீதிகள், ஒழுங்கான பதிவேடுகள், வணிகர் வழக்கிட நீதிமன்றம் ஆகிய இவை போதும். எஞ்சியதை வணிகர் பார்த்துக்கொள்வர் என்பது அதன் கொள்கை. தொழிற்சாலை வளர்ப்பது அதிகாரியின் வேலை என அன்று எவரும் கருதவில்லை. அதிகாரியின் வேலை கோப்பு. வந்த கடிதத்துக்கு எண்ணிட்டு, குறிப்பெழுதி, மேலே அனுப்பி, கீழே பெற்று, கட்டி வைப்பது. இக்கலையில் அந்நிர்வாகம் தேர்ச்சி மிக்கது. தேர்ச்சியை இகழ்தலும் தகாது. கோப்பே இல்லாத நாட்டில் தொழிற்சாலையும் நிலைக்காது.

ஆயினும் அந்நிர்வாகத்தினுள் கறையான் புகுந்திருந்தது. 1951ஆம் ஆண்டு அக்டோபரில், பொங்கோல் கரையோரத்தில் ஏறத்தாழ நான்கு இலட்சம் வெள்ளி மதிப்புள்ள அபின் கொள்ளையிடப்பட்டது. விசாரித்தபொழுது காவல்துறையினர் சிலரே அதில் உடந்தையாய் இருந்தமை தெரிந்தது. காவல்துறையின் ஊழலைக் காவல்துறையே துருவ இயலாது என்பது தெளிவாகவே, 1952இல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு தனி அமைப்பாக நிறுவப்பட்டது. ஒரு காலத்தில் அபினைக் காய்ச்சி விற்ற அரசாங்கம் அபினாலேயே தன் நோயை அறிந்தது எனலாம்.

1959ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தன்னாட்சி பெற்ற சிங்கப்பூரில் மக்கள் செயல் கட்சி அரசாங்கம் அமைத்தபொழுது, கையேற்ற நிர்வாகம் இத்தகையதே. 1957ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 14 இலட்சத்து 46 ஆயிரம். அதில் பெரும்பகுதி சிறுவர்களும் இளைஞர்களும். இடைநிலை வாணிகம் ஒன்றையே நம்பிய தீவு, ஆண்டுதோறும் பள்ளியை விட்டு வெளிவரும் பிள்ளைகளுக்கு வேலை தர இயலாமல் திணறியது. உயர்பதவிகளில் இருந்த ஆங்கிலேயர் மெல்ல விலகிக்கொண்டிருந்தனர். அவ்விடங்களில் அமர்ந்த உள்ளூர் அதிகாரிகளோ ஆங்கிலம் கற்ற நடுத்தர வகுப்பினர். அட்டாப்புக் குடிசையில் வாழ்ந்த மக்களின் மொழியும் மனமும் அவர்களுட் பலருக்கு எட்டாதவை.

புதிய நிதியமைச்சர் கோ கெங் சுவீ முதலிற் செய்த வேலை, அந்த அதிகாரிகளின் படித்தொகையைக் குறைத்தது. கருவூலம் வற்றியிருந்தது என்பது காரணம். ஆனால் அதற்குள் மற்றொரு செய்தியும் பொதிந்திருந்தது: ஆட்சி மாறிவிட்டது, நாட்டுக்கு வரும் இடரில் அதிகாரிக்கும் பங்குண்டு. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மாதத் தவணையில் வீட்டுக்கும் வாகனத்துக்கும் பணம் கட்டிவந்தோர் துயருற்றனர். குறைத்த தொகை பின்னர்த் திருப்பித் தரப்பட்டது. எனினும் கசப்பு எளிதில் மறையவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசியல் ஆய்வு நிலையம் திறக்கப்பட்டு, மூத்த அதிகாரிகள் வகுப்பறை மாணவரைப்போல் அமர்ந்து, குடியேற்ற ஆட்சியின் வரலாற்றையும், மக்களின் வறுமையையும், பொதுவுடைமையரின் செயல்முறையையும் கற்றனர். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைத் துப்புரவுப் பணிக்கும் அவர்கள் அழைக்கப்பட்டனர். கழுத்துப்பட்டை கட்டிய கைகள் துடைப்பத்தைப் பற்றிய காட்சி அக்காலச் சிங்கப்பூருக்குப் புதிது. இதனால் நிர்வாகத்தின் மனம் மாறிற்றா என்பது ஐயமே. துடைப்பம் மனத்தை மாற்றுவதில்லை. மாற்றியது வேறொன்று: வேலை கொடுத்த முறை.

திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை வைத்தார். ஆளை ஆராய்ந்து தேர்வது ஒன்று; தேர்ந்தபின் வினையை அவனிடமே விட்டு விலகி நிற்பது மற்றொன்று. குடியேற்ற நிர்வாகம் முதலாவதை ஓரளவு அறிந்திருந்தது. இரண்டாவதை அது அறியவில்லை. ஒவ்வொரு செயலும் நான்கு மேசைகளைக் கடந்தாக வேண்டும் என்பது அதன் விதி. 1960க்குப் பின் சிங்கப்பூர் கண்ட வழி, அவசரப் பணிகளை அமைச்சுகளின் வழக்கமான நடைமுறையிலிருந்து பிரித்து, சட்டத்தால் அமைந்த கழகங்களிடம் ஒப்படைப்பது. கழகத்துக்குத் தனி நிதி உண்டு. ஆள் எடுக்கும் உரிமை உண்டு. ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் உண்டு. வேலை நடவாவிடில் எவரைக் கேட்பது என்பதும் ஐயமற விளங்கும்.

முதற் சான்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். அதற்கு முன்னிருந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் 1927 முதல் 32 ஆண்டுகளில் கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகள். 1960ஆம் ஆண்டு பிப்ரவரியில் லிம் கிம் சான் தலைமையில் தொடங்கிய புதிய கழகம் முதல் ஐந்தாண்டுகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எழுப்பிற்று. 1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியைத் தீ விழுங்கி, ஏறத்தாழ 16,000 பேரை வீதியில் நிறுத்தியபொழுது, ஓராண்டுக்குள் அங்கே அடுக்குமாடிகள் எழத் தொடங்கின. மேசை நான்கையும் கடக்கக் கோப்புக்கு நேரம் இருந்திருந்தால் இது நடந்திராது.

வீடு கட்டுவது ஒருவகையில் எளிது. செங்கல்லும் சிமிந்தும் அரசாங்கத்தின் சொல்லைக் கேட்கும். முதலாளிகள் கேட்கமாட்டார்கள். தொழில் வளர்ப்பதில்தான் நிர்வாகத்தின் உண்மையான சோதனை இருந்தது. 1960இல் ஐக்கிய நாட்டு நிறுவனம் அனுப்பிய ஆய்வுக்குழு, டச்சுப் பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் வின்செமியஸ் தலைமையில் வந்தது. அடுத்த ஆண்டு அளித்த அறிக்கையில், தொழில்மயமாதலே வழி என்றும், அதற்கெனத் தனிக் கழகம் வேண்டும் என்றும் அது கூறிற்று. 1961 ஆகஸ்ட் 1ஆம் நாள் பொருளியல் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. நூறு மில்லியன் வெள்ளி அதற்கு ஒதுக்கப்பட்டது. தலைவராக அமர்ந்தவர் ஹோன் சுய் சென் என்னும் அரசாங்க அதிகாரி. மேடைப் பேச்சாளர் அல்லர், ஆரவாரம் இல்லாதவர், ஆனால் தம்கீழ்ப் பணியாற்றும் இளைஞரை நம்பி வேலையை விட்டுவிடும் துணிவு படைத்தவர்.

ஜூரோங் அப்பொழுது சதுப்பு நிலமும், இறால் குளங்களும், குன்றுகளும், கம்போங்குகளும் நிறைந்த பகுதி. குன்றைச் சரித்துச் சதுப்பைத் தூர்த்தார்கள். சாலை வந்தது; மின்சாரமும் குடிநீரும் வந்தன; 1962இல் தேசிய இரும்பு எஃகு ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தொழிற்சாலைகள்தாம் வரவில்லை. செம்மண் பாளம் வெயிலில் காய்ந்து கிடந்ததைக் கண்டவர்கள் அதனைக் 'கோவின் மடமை' என்று எள்ளினர். வந்த தொழில்களும் பெரியவை அல்ல. கொசுவர்த்திச் சுருள், தலைமயிர்ப் பசை, சீனர் வழிபாட்டில் எரிக்கும் தாள், பூச்சியுருண்டை ஆகியன செய்யும் சிறு பட்டறைகள். வேலையின்மையைத் தீர்க்கும் வேகத்தில் கழகமே சில கூட்டுத் தொழில்களில் முதலிட்டது. பழைய தாளைப் புதுப்பிக்கும் முயற்சி ஒன்று, மட்கலத் தொழில் மற்றொன்று. தொழில்நுட்பம் அறியாமல் இறங்கியமையால் இரண்டும் தோற்றன.

இத்தோல்விகளைச் சிங்கப்பூரின் வெற்றிக் கதை எழுதுவோர் ஒரு வரியில் கடந்துவிடுவதுண்டு. அவை அங்ஙனம் கடக்கத் தக்கவை அல்ல. தோற்ற முயற்சிக்காக அக்கழகம் கலைக்கப்படவில்லை. இனி எதற்கும் கையொப்பமிடேன் என அதிகாரிகள் ஒதுங்கிக்கொள்ளும் நிலையும் வரவில்லை. கணக்குக் கேட்கப்பட்டது, பாடம் கற்கப்பட்டது, வேலை தொடர்ந்தது. நேர்மையாய்ப் பிழைபட்ட அதிகாரியையும் நேர்மையின்றிப் பொருள் சேர்த்த அதிகாரியையும் வேறுபடுத்திப் பார்க்கும் ஆற்றல் ஒரு நிர்வாகத்துக்கு அரிது. 1960ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் இரண்டாமவரைக் கடுமையாய்ப் பற்றியது. வருவாய்க்கு மிஞ்சிய செல்வத்தையே சான்றாகக் கொள்ள அது வழி செய்தது. அத்தகைய சட்டம் இருந்தமையால்தான் முதலாமவருக்கு மன்னிப்பு வழங்க இயன்றது எனக் கருத இடமுண்டு.

இதே பிரிட்டிஷ் கோப்பு மரபைப் பெற்ற இந்தியாவில் நிலைமை வேறாயிற்று. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட பெருந்தொழில் தொடங்கவும் விரிக்கவும் உரிமம் வேண்டும். உரிமம் தேடித் தொழில் முனைவோர் புதுடில்லி அலுவலகங்களின் தாழ்வாரங்களில் காத்திருந்தனர். அங்கிருந்த அதிகாரிகள் அறிவிற் குறைந்தவர் அல்லர். கடும் தேர்வில் வென்றவர். ஆனால் அவர்களிடம் நாடு கேட்ட கேள்வி, 'இதை அனுமதிக்கலாமா?' என்பது. சிங்கப்பூர் தன் அதிகாரிகளிடம் கேட்டது, 'இவ்வாண்டு எத்தனை பேருக்கு வேலை வந்தது?' என்று. பரந்த நாட்டையும் சிறு தீவையும் ஒரே தராசில் நிறுத்தல் நேர்மையாகாதுதான். உள்நாட்டுச் சந்தை உள்ள நாடு காத்திருக்கலாம், தீவு காத்திருக்க இயலாது. எனினும் கேள்வி மாறினால் அதே கல்வி பெற்ற அதிகாரியும் மாறுகிறார் என்பதை இவ்விரு நாடுகளும் காட்டின.

1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் மலேசியாவிலிருந்து பிரிந்தபின், உள்ளூர்ச் சந்தையை நம்பிய திட்டங்கள் பொருளற்றுப் போயின. இனி உலகமே சந்தை. கழகத்தின் இளம் அதிகாரிகள் நியூயார்க் முதலிய நகரங்களில் அலுவலகம் திறந்து, நிறுவனங்களின் கதவுகளைத் தட்டினர். நிலம், மின்சாரம், வரிச்சலுகை, தொழிலாளர் பயிற்சி ஆகிய அனைத்துக்கும் முதலீட்டாளர் ஒரே அதிகாரியிடம் பேசினால் போதும். பிற அலுவலகங்களுக்குக் கோப்பைச் சுமந்து செல்வது அவ்வதிகாரியின் வேலை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் முடிவெடுத்த ஐம்பது நாள்களில் உற்பத்தி தொடங்கிற்று என்று லீ குவான் இயூ தம் நினைவு நூலிற் குறித்துள்ளார். அந்நூலிலேயே மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் ஆறுமாடிக் கட்டடமொன்றின் மேல்தளங்களை வாடகைக்கு எடுத்திருந்தது. நிறுவனர்களுள் ஒருவரான ஹியூலெட் பார்வையிட வரும் நாள் நெருங்கியும், மின்தூக்கிக்கு வேண்டிய மின்மாற்றி வந்து சேரவில்லை. விருந்தினர் ஆறுமாடி ஏறுவதா? கழக அதிகாரிகள் பக்கத்துக் கட்டடத்திலிருந்து பெரிய மின்வடம் ஒன்றை இழுத்துவந்தனர். அன்று மின்தூக்கி ஓடிற்று. எந்த விதிநூலிலும் இவ்வேலை எந்த அதிகாரிக்கும் விதிக்கப்பட்டதன்று.

அவ்விளைஞர் அணியில் தமிழ் வழிவந்தோரும் இருந்தனர். பின்னாளில் அமைச்சரான எஸ். தனபாலன் 1960களில் பொருளியல் வளர்ச்சிக் கழகத்திற் பணியாற்றியவர். 1934இல் கிள்ளானிற் பிறந்த ஜே. ஒய். பிள்ளை பொறியியல் கற்று, 1961இல் நிதியமைச்சிற் சேர்ந்தார். 1972இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தனி நிறுவனமானபொழுது அதன் தலைவராகி, 1996 வரை நடத்தினார். நட்டம் வந்தால் அரசாங்கம் மானியம் தாராது என்று தொடக்கத்திலேயே அந்நிறுவனத்துக்குச் சொல்லப்பட்டிருந்தது. அரசாங்க ஊழியர் வணிகம் நடத்தினால் அது பாழாகும் என்னும் பொது விதிக்கு அந்நிறுவனம் உலகறிந்த விலக்காயிற்று.

மிகப் பெருஞ்சோதனை 1968இல் வந்தது. 1971 இறுதிக்குள் படைகளை மீட்டுக்கொள்வதாகப் பிரிட்டன் அவ்வாண்டு ஜனவரியில் அறிவித்தது. தளங்களால் கிடைத்த வருவாய் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஹோன் சுய் சென் பொறுப்பில் தளங்களை மாற்றியமைக்கத் தனித் துறை ஏற்பட்டது. செம்பாவாங் கடற்படைக் கப்பல் பட்டறை பெயரளவில் ஒரு வெள்ளிக்குக் கைமாறி, வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் நிறுவனமாயிற்று. அதே ஆண்டில் ஜூரோங் நகராண்மைக் கழகமும் சிங்கப்பூர் வளர்ச்சி வங்கியும் தோன்றின. வேலைச் சட்டம் திருத்தி இயற்றப்பட்டு, 44 மணி நேர வாரம் பொதுவாயிற்று. விடுமுறையும் சலுகைகளும் குறைந்தன. 1970களின் தொடக்கத்தில் வேலைக்கு ஆள் இல்லை என்னும் நிலை வந்தது. பத்தாண்டுகளுக்கு முன் ஆளுக்கு வேலை இல்லாத அதே தீவில்!

ஆனால் செம்பாவாங்கின் கதையை இங்கே முடித்துவிட இயலாது. கடற்படைத் தளக் குடியிருப்புகளில் மலையாளிகளும் தமிழரும் தலைமுறையாய் வாழ்ந்திருந்தனர். கோயிலும் கலைக்கழகமும் பள்ளியும் அவர்கள் தம் உழைப்பில் எழுப்பியவை. வேலைகள் குறைந்தபொழுது குடியுரிமை பெறாதோர் பலர் பணிக்கொடையைப் பெற்றுக்கொண்டு, பிறந்த ஊருக்குக் கப்பல் ஏறினர். புதிய பட்டறை ஈட்டிய இலாபக் கணக்கில் அவர்கள் இடம்பெறவில்லை. நிர்வாகத்தின் பேரேடு வந்த வேலைகளை எண்ணும். கலைந்த தெருவை எண்ணுவதற்கு அதில் பத்தி இல்லை. நிலத்தின் கதையும் அத்தகையதே. 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தால் தொழிற்பேட்டைகளுக்கும் வீடுகளுக்கும் நிலம் மலிவாய்க் கிடைத்தது. நிலம் இழந்தவருக்குச் சந்தை விலையை இழப்பீடாகத் தரும் முறை 2007இல்தான் சட்டமாயிற்று.

தமிழாசிரியர்க்கு நெருக்கமான மற்றொரு விளைவையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். அமெரிக்க, ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் மொழி ஆங்கிலம். வேலைவாய்ப்பு எங்கே என்பதைப் பெற்றோர் விரைவில் உணர்ந்தனர். தமிழ்ப் பள்ளிகளைப் பூட்டும்படி எந்த அதிகாரியும் ஆணையிட வேண்டியிருக்கவில்லை. ஆண்டுதோறும் சேர்க்கைப் பதிவேட்டில் எண்கள் சுருங்கின; ஒவ்வொரு பள்ளியாய் மறைந்தது. தமிழ்வழிக் கல்வி தந்த கடைசிப் பள்ளியாகிய உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. தமிழ் பள்ளிப் பாடமாய் நிலைத்ததும் அரசாங்கக் கொள்கையால்தான் என்பதையும் மறைத்தல் ஆகாது. பொருளியல் முடிவு ஒன்று எவரும் திட்டமிடாத இடத்தில் போய் விழுந்ததற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வெற்றி பெருகப் பெருக நிர்வாகத்தின் தன்னம்பிக்கையும் பெருகிற்று. மலிவான உழைப்பை நம்பிய தொழில்கள் இனி வேண்டா, உயர்நுட்பத் தொழில்களே வேண்டும் என்று 1979இல் முடிவு செய்யப்பட்டது. அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் அமர்ந்த தேசியச் சம்பள மன்றம் மூன்றாண்டுகளுக்குப் பெரும் ஊதிய உயர்வுகளைப் பரிந்துரைத்தது. மத்திய சேம நிதிக்குச் செலுத்தும் தொகையும் ஏறிக்கொண்டே போய், 1984இல் தொழிலாளி 25 விழுக்காடு, முதலாளி 25 விழுக்காடு என்றாயிற்று. ஊதியம் ஏறினால் நிறுவனங்கள் இயந்திரங்களை வாங்கும், திறன் வளரும் என்பது கணக்கு. கணக்கில் தவறில்லை, வேகத்தில் தவறிருந்தது. உற்பத்தித் திறன் அத்துணை விரைவாய் வளரவில்லை. 1960களில் கோவின் மடமை என்று கூற வெளியே ஆள் இருந்தனர். 1980களின் தொடக்கத்தில், பத்தாண்டு வெற்றிக்கு முன் நின்று அவ்வாறு கூற உள்ளேயும் வெளியேயும் ஆள் அருகிவிட்டனர்.

1985இல் பொருளியல் சுருங்கிற்று. விடுதலைக்குப் பின் நாடு காணாத சரிவு அது. கப்பல் பட்டறைகளும் கட்டடத் தொழிலும் முதலில் வாடின, ஆட்குறைப்பு தொடர்ந்தது. உலகச் சந்தையின் மந்தமும் காரணமே. ஆயினும் ஆராய அமைந்த பொருளியல் குழு 1986 பிப்ரவரியில் தந்த அறிக்கையில், உள்நாட்டுச் செலவு மிகையாய் உயர்ந்துவிட்டது என்பதை மறைக்கவில்லை. தவற்றை ஒப்பி எழுதும் அரசாங்க அறிக்கைகள் உலகில் மிகுதியாய் இல்லை. அந்த வகையில் ஜூரோங் காலத்துப் பழக்கம் இன்னும் உயிரோடிருந்தது.

திருத்தம் விரைந்து வந்தது. நிறுவன வரி 40 விழுக்காட்டிலிருந்து 33 ஆயிற்று. 1986 ஏப்ரலில் சேம நிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தொழிலாளியின் பங்கு 25 ஆகவே நீடித்தது. அந்தப் பதினைந்து விழுக்காடு தொழிலாளியின் முதுமைக்கும் வீட்டுக்கும் சேர வேண்டிய பணம். 1959இல் இடர் வந்தபொழுது அரசாங்கம் முதலிற் குறைத்தது அதிகாரிகளின் படித்தொகையை. 1986இல் சுமை பட்டறைத் தரையில் நின்றவர் மீதும் இறங்கிற்று. அடுத்த ஆண்டுகளில் பொருளியல் மீண்டது. 1994இல் அமைச்சர், மூத்த அதிகாரிகள் ஆகியோரின் ஊதியம் தனியார் துறையில் உச்ச வருவாய் ஈட்டுவோரின் ஊதியத்தோடு இணைக்கப்பட்டது. சேம நிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கு அதன்பின் படிப்படியாய் உயர்ந்ததுண்டு. 25 விழுக்காட்டை அது மீண்டும் எட்டவில்லை.